பத்து நிமிஷம் பிந்தினால்

5.8.91, திங்கள்
நாக்கோரத்துப் புண் ஆறவில்லை. மூன்று மாசம். உடைந்த கடைவாய்ப்பல் உரசுகிறது, அம்புட்டுதான் என்று வீட்டுக்காரி வெள்ளத்தாயிடம் சொல்லிவைத்தேன். அண்ணனும் இதையேதான் மதினியிடம் சொன்னார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

மதுரைப் பல் டாக்டர் திங்கட்கிழமை மட்டும் ராஜபாளையம் வருகிறார். அடுத்த திங்கள் நாலு மணிக்குப் பேர் பதிந்தாயிற்று.

9.8.91
புகையிலையை விட்டு நாலு நாள். பஸ் ஸ்டாண்டில் எல்லார்மேலும் எரிந்து விழுகிறேன். சங்கரன்கோவில் வண்டிக்குக் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி ஓடி வந்தாள். மணி ஆகிவிட்டது, விசில் ஊதிவிட்டேன். செத்த நேரம் நின்றால் என்ன என்று கேட்டாள். ஒருத்தருக்கு நின்றால் எல்லாருக்கும் நிற்கணும். இருபது வருஷ டைம் கீப்பர், ஒரு நிமிஷம் விட்டதில்லை.

12.8.91
ஆடிப்பூரத் தேர்! நான் போய் இதை மறந்தேனே. கூட்டத்தில் வண்டி ஊரெல்லை மடவார் வளாகம் தாண்டவே ஒரு மணி நேரம். சேர்ந்தபோது 4.14. சீட்டு எழுதுகிற சந்தனம் என் பேரை அடித்திருந்தாள். பத்து நிமிஷம் பிந்தினால் அடுத்த திங்களாம். கெஞ்சினேன்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும் அண்ணாச்சி."

இன்னும் ஏழு நாள் இந்தப் புண்ணோடு.

19.8.91
இதை யாரிடமும் சொல்ல ஏலாது. இன்று மூன்றரைக்கே போய்விட்டேன். எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தேன். நாலு ஆச்சு. எழுந்திரிக்காமல் இன்னொரு டீ சொன்னேன். 4.12க்கு உள்ளே போனேன், பேரை அடித்தாள். அப்பாடா என்றிருந்தது. சீ, நானும் ஒரு ஆம்பளை!

வீட்டில் பஸ் லேட் என்றேன். டைம் கீப்பர் பெண்டாட்டியிடம் போய் — அவள் நம்பவில்லை.

26.8.91
வெள்ளத்தாய் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். டாக்டர் வந்தது 5.20க்கு. அவர் பேரை யார் அடிப்பது?

பார்த்தார். தொட்டார். பல்லைப் பற்றிப் பேசவே இல்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து, வியாழனே போகச் சொன்னார். வேறு கிழமை போகலாமா என்றேன். "தள்ளாதீங்க."

28.8.91
தூக்கம் இல்லை.

29.8.91, மதுரை
6.10 வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் கடிதம் வீட்டில் இருப்பது ஞாபகம் வந்தது. வெள்ளத்தாய் இறங்கி ஓடினாள். மணி ஆச்சு. என் இடத்தில் இன்று தவசிமுத்து. விசிலை வாயில் வைத்து என்னைப் பார்த்தான். ஊதித் தொலையட்டும், வண்டி போனால் இன்றைக்குத் தப்பிக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவன் விசிலை எடுத்துவிட்டான்.

"மதினி வரட்டும்ணே."

6.19க்கு மூச்சிரைக்க ஏறினாள்.

பகலில் புண்ணிலிருந்து சதை எடுத்தார்கள். முடிவு ஒரு வாரத்தில்.

9.9.91
சனிக்கிழமை பெரியாஸ்பத்திரியில் முடிவு சொன்னார்கள். அண்ணனுக்கு வந்ததேதான். ஆனால் சிறிசாம், ஆறு வாரம் ரேடியேஷன் கரண்ட் வைத்தால் கேட்குமாம். முதல் திங்களே வந்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். பயம், கேட்கவில்லை.

நாளை மதுரையில் ஆரம்பம். இன்று டியூட்டி பார்த்தேன். சங்கரன்கோவில் வண்டி கிளம்புகிற நேரம், தூரத்தில் யாரோ ஓடி வந்தார்கள். விசில் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை.