உங்கம்மா படிப்பதற்காக நான் எழுதியவை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன், அப்படி இல்லையென்றால் இல்லை என்றே எழுது, மறைக்காதே. இங்கே என் முழங்கால் வழக்கம்போல முனகிக்கொண்டிருக்கிறது, உங்கம்மா நன்றாக இருக்கிறாள், நன்றாக என்றால் எந்த அளவுக்கு என்பது கடைசி வரை படித்தால் உனக்கே தெரியும். நாலு நாளாக விடாத மழை. நீச்சல்குளத்தின் கண்ணாடிக் கூரைமேல் மழை விழுகிறது, கீழே வெந்நீரிலிருந்து ஆவி எழும்புகிறது, விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தால் தண்ணீருக்கு மேலே இருக்கிறோமா உள்ளே இருக்கிறோமா என்றே புரிவதில்லை. நேற்று நாலே பேர்தான் நீந்த வந்தார்கள், அவர்களும் கனவில் நீந்துகிறவர்கள் மாதிரி சத்தமில்லாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். டிக்கெட் கொடுக்கிற அம்மாள் உன்னை விசாரித்தாள், கதை எழுதுற பொண்ணு எப்படி இருக்கு என்று. எழுதிக்கிட்டிருக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன், வேறு என்ன சொல்ல.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அதில், நாலு வருஷமாக எழுதிய நாவலைக் கட்டி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன், பெரிய பெரிய எழுத்தாளர்கள் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்து பார்த்தேன், எதுவும் கைகொடுக்கவில்லை, உண்மையில் அந்த யோசனைகளால் யாருக்காவது பிரயோஜனம் உண்டாப்பா என்று கேட்டிருந்தாய். விசில் ஊதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஐந்து மாதமாக நானும் அதைத்தான் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர்கள் சொன்னதையெல்லாம் நீ எழுதிவைத்திருந்த அந்தக் காலேஜ் நோட்டை வைத்துக்கொண்டு. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கம்மா பக்கத்திலேயே இருப்பாள், அதோடு, வாய்விட்டுச் சொன்னால் கலைந்துபோய்விடுமோ என்று ஒரு பயம்.

நீ அம்மாவை விட்டுப் போனபோது அவள் எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியும். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவைத்திருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் நாளைக்கு, கோபம் வந்தாலும் நாளைக்கு, நீ வாசலில் பெட்டியோடு நின்றபோதும் நாளைக்கு. நீ அதைக் கேட்டுத்தான் அவ்வளவு அழுதாய். நீ போன பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வர ஆரம்பித்தாள், சின்னப் பெண், பொறுமைசாலி. பந்து, மரம், பூனை என்று படம் போட்ட அட்டைகள் கொண்டுவந்தாள். உங்கம்மா அந்த அட்டைகளைத் தள்ளித் தள்ளிவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டு, ஊரையே உட்காரவைத்து, இப்ப அடுத்த வரி, இப்ப அதுக்குக் கீழ் வரி என்று படிக்கச் சொன்னவளிடம் பந்து படத்தைக் காட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும். அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்களே ஏதாவது எழுதுங்க சார், உங்க ரெண்டு பேருக்கும் நடந்தது, அவங்களுக்கே படிக்கணும்னு தோணுற மாதிரி எழுதுங்க என்றாள்.

எழுதுங்க என்று சொல்வது சுலபம். குளோரின் அளவை எழுதுகிற ரிஜிஸ்டரைத் தவிர நான் என்ன எழுதியிருக்கிறேன். மூன்று நாள் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உன் அலமாரியைத் துழாவி அந்த நோட்டை எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே. தினமும் ஒரே நேரத்துக்கு உட்கார் என்று ஒருவர் சொல்லியிருந்தார், காலை நீச்சல் முடிந்து வந்து பத்து மணிக்கு உட்கார்ந்தேன். எனக்கு அதனால் ஒன்றும் ஊற்றெடுத்து வந்துவிடவில்லை, ஆனால் பத்து மணியானால் உங்கம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பச் சொல்லிக் கையாட்ட ஆரம்பித்தாள், ஆக அது வேலை செய்தது, வேறு விதமாக. வானம் தெரிந்தால் வாக்கியம் ஓடிப்போகும், திரையை இழுத்துவிடு என்று இன்னொருவர். இழுத்துவிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அலங்காரத்தை வெட்டு என்று பாதிப் பேர் சொல்லியிருக்கிறார்கள். மழையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியதை ஒரு வரியாக வெட்டினேன், உங்கம்மா முழுசாகப் படித்தாள். அதே மிதப்பில் அவளைப் பற்றி எழுதியதில் அழகான என்ற வார்த்தையையும் வெட்டினேன், மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் அந்த வார்த்தையைத் திரும்ப எழுதிவிட்டேன். முடிக்கிற வரை யாருக்கும் காட்டாதே என்றவரை நான் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் இந்த வீட்டில் இன்றைக்கும் நாளைக்கு என்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் இருந்திருக்கும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் முதன்முதலில் நீச்சல் கற்றுக்கொள்ள வந்த நாளை எழுதினேன். உனக்குத் தெரிந்த கதைதான். முப்பது வயதில் வந்தாள், நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, குளத்து ஓரக் கம்பியை விடவே மாட்டேன் என்று நின்றாள், நீலத் தொப்பி போட்டிருந்தாள். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இடது கை விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டே போனவள் நீலத் தொப்பியில் நின்றுவிட்டாள். விரல் பின்னால் போயிற்று, திரும்ப வந்தது. களைத்துவிட்டாள் என்று நினைத்து, போதும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம் என்று நானே சொன்னேன். தாளை ஓங்கி அடித்தாள். முகம் சிவந்துபோய், ப, ப என்றாள். பசியா என்றேன், படுக்கணுமா என்றேன், தண்ணீர் கொண்டுவந்தேன், தட்டிவிட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ ஆழத்திலிருந்து எடுத்துவருகிற மாதிரி, பச்சை என்றாள். எனக்குப் புரியவில்லை. இடது கையைத் தலைமேல் வைத்துச் சுற்றிக் காட்டி, மறுபடியும் பச்சை. ஆமாம், கிளிப்பச்சை, அவள் அக்காவிடம் இரவல் வாங்கியது, அன்றைக்குக் குளமே அதைப் பார்த்துச் சிரித்தது. நான் எப்படி மறந்தேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவளோ, இது கூடத் தெரியாத மனுஷனோடயா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன் என்கிற பழைய பார்வை ஒன்று பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா.

அதற்குப் பிறகு எனக்குப் பேராசை வந்துவிட்டது. தப்பாக எழுதினால் பேச்சு வரும் என்று கணக்குப் போட்டு, மறுநாள் வேண்டுமென்றே மூன்று பொய் எழுதினேன். அமைதியாகப் படித்து முடித்தாள், நான் எழுதுகிற நோட்டை மூடினாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நாளைக்கு என்றாள். நாலு நாள் அவள் அந்த நோட்டைத் தொடவில்லை. அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் ஒப்புக்கொண்டேன். அவங்களுக்குப் பரீட்சை வேணாம் சார், நீங்க வேணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உன் காலேஜ் நோட்டில் கடைசிப் பக்கத்தில் ஒருவர், உண்மையை மட்டும் எழுது, அதிலும் நீ சொல்லப் பயப்படுவதை எழுது என்று சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தை மட்டும் நான் வேகமாகப் புரட்டித் தாண்டிக்கொண்டே வந்திருந்தேன். ஐந்தாம் நாள் அதை எழுதினேன். உனக்கும் இதுவரை தெரியாது. அந்த முதல் நாள் கம்பியிலிருந்து கை வழுக்கி அவள் தண்ணீருக்குள் போனபோது நான் பார்க்கவில்லை, யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். அவளைத் தூக்கி நிறுத்தியது பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு வயதானவர், நான் ஓடிவந்து தோளைப் பிடித்தது அதற்குப் பிறகு. இருமி முடித்துக் கண்ணைத் திறந்தவள் என்னைத்தான் முதலில் பார்த்தாள், நன்றி சொன்னாள், நான் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணம்வரை போன நன்றி அது. உன்னைத் தூங்கவைக்கச் சொன்ன கதையிலும் நான்தான் காப்பாற்றினேன். முப்பத்தைந்து வருஷம்.

அந்த ஒரு பக்கத்தைப் படிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெளியே இதே மாதிரி மழை, அறை முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிற வெளிச்சம். கடைசி வரியில் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் சிரிப்பு வந்தது. தெரியும் என்றாள். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, அப்பவே என்றாள்.

அதனால் உன் கேள்விக்கு என்ன பதில் சொல்வேன் கண்ணு. அந்தப் பெரியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கரையில் நின்றுகொண்டு காலை உதை, காலை உதை என்று நானும் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன், சரியான யோசனைதான், ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் காதில் அது விழுவதில்லை, நடுவில் போய்விட்டவருக்கு அது தேவையில்லை. கம்பியை விடுகிற அந்த ஒரு நொடியில் எந்தக் குரல் காதில் விழுமோ யாருக்குத் தெரியும். எனக்குக் கடைசிப் பக்கத்துக்காரர் குரல் விழுந்தது, அதுவும் நாலு மாதம் கழித்து. உனக்கு எது என்று எனக்குத் தெரியாது. நாவலை விட்டுவிடுவதானால் விட்டுவிடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஆனால் அவர்கள் சொன்னபடி உனக்கு வரவில்லை என்பதற்காக விடாதே, எனக்கும் வரவில்லை. நீ யார் படிப்பதற்காக எழுதினாய் என்று மட்டும் ஒருமுறை யோசித்துப் பார். உங்கம்மாவுக்கு இப்போது நாற்பது வார்த்தைக்கு மேல் இருக்கிறது, நான் எழுதுவது அவளுக்கு அலுத்துவிட்டது, இந்த மனுஷனுக்குக் குளத்தை விட்டால் வேறு கதையே தெரியாதா என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது. உன் பெட்டியிலிருந்து ஒரு பக்கம், நல்லது கெட்டது பார்க்காமல், அவளுக்கு அனுப்பேன்.

எங்கள் இருவர் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கும். மழைக்காலத்தில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிற பல் டாக்டரை இந்த வாரம் பார்த்துவிடு. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, பதில் வர நேரமாகும், நடுவில் நீயே பேசி நிரப்பிவிடாதே. உனக்கு என்ன சொல்லட்டும் என்று இப்போதுதான் அவளிடம் கேட்டேன். வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிசா எழுது என்றாள். எழுத்தையா, விஷயத்தையா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழை விட்டதும் இதைத் தபாலில் சேர்க்கப் போகிற,
உன் அப்பா