பால்மரம் சீவும் பெண்

ஆகஸ்ட் 16, சனி

நான் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பழைய புகைப்படங்களின் கண்காட்சியை இன்று திறந்து வைத்தார்கள். ‘பால்மரம் சீவும் பெண்’ என்ற ரப்பர் தோட்டப் படத்தின் முன்னால், பேப்பரில் பார்த்துவிட்டு புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

“எங்கம்மா சார். கருமாதிக்கு வைக்கப் படமில்லாம ஐசி கார்டுல இருந்த படத்தத்தான் பெருசாக்குனோம்.”

இருபது வருடம் என் சாப்பாட்டு அறையில் தொங்கிய படம். வருகிறவர்களிடமெல்லாம் அதிலிருக்கும் வெளிச்சத்தைப் பற்றியே பேசியிருக்கிறேன்.

அவர் கொண்டுவந்த மல்லிகைச் சரத்தைப் படத்துக்குப் போடக் காவலர் விடவில்லை. என்னிடம் நீட்டினார். “பத்திரமா வச்சிருந்தீங்க சார். வீட்டுல இன்னொரு படம் இருக்கும்லா, அதுக்குப் போட்டுடுங்க.”

“சரிம்மா” என்று வாங்கிக்கொண்டேன்.

சரம் மேசையில் கிடக்கிறது. படம் தொங்கிய சுவரில் வெறும் ஆணி. படத்திலிருந்த பெண்ணின் பெயரை இன்றும் நான் கேட்கவில்லை.