பதினேழு பேராக ஆடுகிறவனுக்கு

ஷ்லீரன், சுவிஸ்
ஒக்டோபர் 14

அன்பு மருமகன் றெக்சனுக்கு, மாமா கிறகோரி எழுதுவது. இங்கே நான், மாமி, உன் அம்மா எல்லோரும் மாதாவின் தயவால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே எலும்பு முறியாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் அவவிடம் கேட்கிறோம். மூன்று கிழமையாக நீ என் போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடதாசி. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டாலும் என் கையெழுத்தைப் பார்த்து ஊர் விதானையாரே கதிரையை விட்டு எழும்பினவர், ஆகவே வாசிக்கக் கஷ்டம் இராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு போனதெல்லாம் இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள். என் சலவைத் தொழிற்சாலையில் என்னை எல்லோருக்கும் பெரியவராகப் போடப்போகிறார்கள், எனக்குத்தான் இன்னும் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோவு, ஆனாலும் முதியோர் இல்லத்து வேலைக்கு ஒரு நாளும் லீவு போடவில்லை. பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதுதானே.

நேற்று அக்கா, உன் அம்மாதான், வந்து குசினியில் இருந்து ஒரு தேத்தண்ணியை முக்கால் மணித்தியாலம் குடித்தாள். பிறகுதான் சொன்னாள், நீ நவம்பரோடு அந்த அமெரிக்கன் புட்போல் விளையாட்டை விட்டுவிட்டு வருகிறாயாம், பழைய கொம்பனியில் மறுபடி வயர் இழுக்கப் போகிறாயாம். ஏன் என்று கேட்டேன். நீ அவளிடம், ஆக்கள் கேக்கினம் அம்மா, எந்த நாள் ரிவியிலை வருவாய் எண்டு, நான் என்னத்தைச் சொல்லுறது என்றாயாம். வரட்டும் தம்பி, பிள்ளை முழுசாய் வந்தால் எனக்குக் காணும் என்று அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அந்தத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவக்கூட மனம் வரவில்லை, ஏனென்றால் ஆட்களைக் கேட்க வைத்தது நான்.

உள்ளதைச் சொல்கிறேன். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்தோமே, அப்போது உன் கழகத்தில் தொண்ணூறு பேர் பயிற்சியில் நின்றீர்கள், அதில் ஐம்பத்து மூன்று பேரைத்தான் வைத்திருப்பார்கள், பட்டியல் அடுத்த செவ்வாய் வரும் என்று நீயே எனக்கு விளங்கப்படுத்தியிருந்தாய். விழா சனிக்கிழமை. பனர் இல்லாமல் எங்கள் ஆட்கள் மண்டபத்துக்குள் கால் வைப்பார்களா? பனர் அச்சடிக்கிற தயாபரன் கேட்டான், அண்ணை, பட்டியல் வரமுதலே அடிக்கிறதோ எண்டு. நான் பட்டியலை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். ஆறு மீற்றர் நீளம், தலைக்கவசத்தோடு உன் படம், 'முதல் ஐம்பத்து மூவரில் ஒருவர், எங்கள் றெக்சன்' என்று எழுத்து. மைக்கைப் பிடித்து அமெரிக்க ஜனாதிபதி உனக்குக் கை கொடுத்ததாகவும் ஒரு சொல் விட்டேன், அது அந்த நேரத்துச் சந்தோஷம். வீடியோ பேர்ண், கூர் நகரங்கள், கனடா எல்லாம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பட்டியலில் நீ இல்லை. அடுத்த நாள் உன்னைப் பயிற்சிக் குழுவில் எடுத்தார்கள், போட்டியில் இறங்காமல் கிழமை முழுக்க அணியோடு பயிற்சி செய்கிற ஆட்கள். எனக்கு அன்றே தெரியும். நான் வாய் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கு, பெரிய போட்டிக்காகப் பயிற்சியாளர் அவனை ஒளித்து வைத்திருக்கிறார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு ரிவியில் போட்டி பார்க்கப் பதினெட்டுப் பேர் என் வீட்டுக்கு வருவார்கள், மாமி மீன் ரோல்ஸ் பொரிப்பாள், நான் கரையில் நிற்கிற ஆரையாவது காட்டி அந்தா அவன்தான் என்பேன். ஒரு நாள் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிறவரைக் காட்டிவிட்டேன்.

அதனால் அக்கா போன பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். இன்று தமிழ்ப் பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கிற நேரம் முன்னுக்குப் போய் மைக்கைக் கேட்டேன். சுவாமியார் நேர்த்திக்கடன் ஏதோ என்று நினைத்துத் தந்துவிட்டார். "றெக்சன் அந்த ஐம்பத்து மூண்டு பேரிலை இல்லை. அவன் பயிற்சிக் குழுவிலை நிக்கிறான். பிழை விட்டது நான், அவன் ஒரு பொய்யும் சொல்லேல்லை" என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பிறகு குலேந்திரன் மூன்றாம் வரிசை வாங்கிலிருந்து சொன்னான், "அண்ணை, எங்கடை பிள்ளை சரணியா செப்டம்பரிலேயே போனிலை பாத்துச் சொல்லிப்போட்டாள். ரோல்ஸ் நல்லாயிருந்தது, அதுதான் வந்தனாங்கள்." சுவாமியாரும் சிரித்துவிட்டார். ஆகவே மருமகன், நீ யாருக்கு வெட்கப்பட்டு வரப்போகிறாயோ அந்த ஆட்கள் எல்லாம் ரோல்ஸ் தின்ன வந்தவர்கள்.

இனி உன் வேலையைப் பற்றி. அடுத்து வருகிற எதிரணியின் பெரிய தடுப்பாட்டக்காரன் எப்படி ஓடுவானோ, எப்படி விழுத்துவானோ, அப்படியே நீ ஆடிக் காட்ட வேண்டும் என்றும் அது வேலையே இல்லை என்றும் அக்காவிடம் சொன்னாயாம். பட்டியலில் உள்ளவன் வருடத்துக்கு ஒருவனாகத்தான் ஆடுகிறான். நீ கிழமைக்கு ஒருவனாக, பதினேழு போட்டிக்குப் பதினேழு பேராக ஆடுகிறாய். பதினேழு பேரின் களவையும் படித்தவனை நாளைக்கு எந்தக் கழகம் விடும்? குருநகரில் கிளித்தட்டில் நான் கோட்டில் நின்றால் காற்றும் சுற்றித்தான் போகும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பந்தையும் பார்க்காதே, முகத்தையும் பார்க்காதே, இடுப்பைப் பார், இடுப்புப் பொய் சொல்லாது. தலையைக் குனிந்து முட்டாதே, தோளால் பிடி, இது அம்மாவின் கட்டளை.

இன்னொன்று செய்திருக்கிறேன், கோபிக்காதே. பூசை முடிந்த கையோடு உன் பழைய கொம்பனியின் ஷெஃப், அந்த முதலாளியின் வீட்டுக்கே போனேன். ஞாயிற்றுக்கிழமையில் மணி அடித்ததற்கு முகத்தைச் சுளித்தார், ஆனால் என் ஜெர்மன் பேச்சைக் கேட்டு இரண்டு தரம் கோப்பி தந்தார். போட்டிகள் எல்லாம் முடிகிற பெப்ரவரிக்கு முதல் றெக்சன் வந்து கேட்டால் வேலை கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் வேலை கொடுக்காதே என்று கேட்டு வந்த முதல் சொந்தக்காரன் நான்தானாம். உன் இடம் கோடைவரை இருக்கும், ஆனால் பெப்ரவரிக்கு முதல் இல்லை என்று கை கொடுத்தார்.

அங்கே உன்னைப் போ என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உத்தியோகம். அவர்கள் சொன்னால் வா, விமான நிலையத்தில் நான் நிற்பேன், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். அவர்கள் சொல்லும்வரை நீயாகச் சொல்லாதே. நாளைக்குக் காலையும் காலணியைக் கட்டிக்கொண்டு போய் நில்.

மடு மாதா உன் முழங்காலையும் கழுத்தையும் காக்கட்டும். அம்மாவுக்கு ஞாயிறு தவறாமல் போன் எடு, எனக்கு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

உன் தாய்மாமன்,
ம. கிறகோரி