ஆல்புமின் சேர்க்காத ஏகாதசி

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் தன் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வரச் சொன்னார். போனேன். மேசை மேல் விரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, பக்கத்தில் அதோடு வந்த காகிதம். மனித இன்டர்லூகின்-2 என்ற புரதம், பாக்டீரியாவில் தயாரித்தது, ஆய்வுக்கு மட்டும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நீர்க்கச் செய்யும்போது ஆல்புமின் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி. அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து மனதுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருந்தபோதே பேசியிருக்க வேண்டிய பேச்சு.

நாம் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்த எண்பதுகளில் அந்தப் புரதத்தைக் காசு கொடுத்தால்கூட நம்மால் வாங்க முடியாது. நம் பேராசிரியரின் வெளிநாட்டு நண்பர் ஒருவர் தயவு பண்ணி ஒரே ஒரு குப்பி கொடுத்தனுப்பினார். மெட்ராஸிலிருந்து திருச்சி வரைக்கும் ரயிலில், ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணுமில்லைன்னு ஊதிடாதீங்க சாமி. என் ரெண்டு வருஷம் அதுக்குள்ள இருக்கு" என்றீர்கள்.

உண்மைதான். தொழுநோயாளிகளின் வெள்ளணுக்கள் ஏன் சோம்பிக் கிடக்கின்றன, இந்தப் புரதத்தைக் கொடுத்தால் எழுந்து பெருகுமா என்பதுதான் உங்கள் ஆய்வு. குப்பி வரட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தீர்கள்.

நான் ஸ்ரீரங்கத்திலிருந்து நெற்றியில் திருமண்ணோடு டவுன் பஸ்ஸில் வருகிறவன். நீங்கள் பாலக்கரையில் மாதா கோவில் மணி கேட்கும் தூரத்தில் குடியிருந்த கத்தோலிக்கக் குடும்பம். ஆல்புமின் மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது. விலைமதிப்பான புரதம் துளியாக இருக்கும்போது குழாயின் சுவரிலேயே ஒட்டிக் காணாமல் போய்விடும். ஆல்புமினைத் தாராளமாகச் சேர்த்தால் அது சுவரை அடைத்துக்கொள்ளும், இது தப்பிக்கும். அந்தப் பாட்டிலை நான் தொடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். "என்ன சாமி, இன்னைக்கு ஏகாதசியா?" என்று கேலி செய்துகொண்டே என் பங்கையும் நீங்களே கலந்து வைப்பீர்கள். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வர நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. குப்பியில் இருப்பதைக் கரைத்து, சிறு குழாய்களில் பிரித்து உறைய வைக்கும் வேலையை என்னிடம் விட்டீர்கள். ஆல்புமின் கரைசலை நீங்களே தயாரித்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தீர்கள். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்று வாசலிலிருந்து திரும்பி வந்து சொன்னீர்கள். நான் மறக்கவில்லை. அன்று நிஜமாகவே ஏகாதசி. உபவாசம், சாயங்காலம் அப்படியே பெருமாள் சேவைக்குப் போக வேண்டும். ஃப்ரிட்ஜைத் திறந்தேன், பாட்டிலைப் பார்த்தேன், மூடினேன். ஒரு தடவை இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று வெறும் உப்புக் கரைசலில் கரைத்தேன். நோட்டில் மட்டும் ஆல்புமின் சேர்த்ததாக எழுதினேன்.

அணுக்கள் அசையவில்லை. மறுபடி செய்தீர்கள், எல்லாக் குழாயும் தீரும்வரை செய்தீர்கள். பேராசிரியர் நோட்டைப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் உறைந்த குழாய்களை உருக்கி எடுத்ததில்தான் தவறு, அது உங்கள் பொறுப்பு. "உனக்குக் கை சரியில்லம்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் பிப்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே துடைத்தேன். உங்கள் ஆய்வுப் பதிவை அவர் நீட்டிக்கவில்லை. நீங்கள் உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தீர்கள்.

அடுத்த வருடம் இன்னொரு குப்பி வந்தது. உங்கள் தலைப்போடு அதை என்னிடம் கொடுத்தார்கள். அன்று என்ன திதி என்று நான் பார்க்கவில்லை. ஆல்புமினை என் கையாலேயே எடுத்துக் கலந்தேன், கை கூசவில்லை. மூன்றே நாளில் அணுக்கள் கொத்துக் கொத்தாகப் பெருகின. அதை வைத்துத்தான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு நீங்கள் வந்திருந்தீர்கள், பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு. எல்லோரும் போன பிறகு மாடிப்படியில் நிறுத்திக் கேட்டீர்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு ஆல்புமின் போட்டீங்கதானே?"

"போட்டேங்க."

"அப்ப என் கைதான்" என்று சிரித்தீர்கள். பிறகு அதைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று உங்கள் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பற்றி நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களாம். அப்புறம் ஒன்று சொன்னார். "ஸ்கூல் லேப்ல அக்கா டெஸ்ட் டியூபைத் தொடவே தொடாதுங்க. புள்ளைங்கள விட்டுத்தான் செய்யச் சொல்லும். என் கை சரியில்லங்கும்." அவரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவன், மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

என்னைக் கெட்டிக்காரக் கை என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் முப்பது வருடம் டெஸ்ட் டியூபைத் தொடாத உங்கள் கைதான் கண்ணில் நிற்கிறது. அந்தக் கையில் ஒரு குறையும் இருந்ததில்லை. நான் போடவில்லை.