நான் சுரண்டச் சொன்ன முகம்

கடந்த செவ்வாய்க்கிழமை உமது பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது, காணாமற்போனோரைத் தேடும் நிறுவனம். லண்டன் செவன் கிங்ஸில் நீர் கடைசிவரை இருந்த வீட்டிலிருந்து உமது தங்கையின் மகள் அதைக் கொண்டுவந்து தந்தாள். நான் படித்து உறுதிசெய்தது இவ்வளவுதான்: யுத்தத்தில் காணாமற்போன உமது மகன் ஸ்டீபனின் பெயரும் பிறந்த ஆண்டும் கொண்ட ஒருவர் வவுனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பேச்சில்லை. பெயர், அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் சொன்னது. அடையாளம் காண ஒரு புகைப்படம் கேட்கிறார்கள்.

நீர் இறந்து ஐந்து மாதமாகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

"படம் ஒண்டும் இல்லை அங்கிள். வீட்டோட எரிஞ்சுபோச்செண்டு மாமா சொன்னவர். நான் இங்கை பிறந்தனான், அவரைக் கண்டதே இல்லை" என்றாள். பிறகு, "மாமா ஒரு பலகையிலை அவரைக் கீறினவர்தானே?" என்று கேட்டாள்.

கீறினீர். வால்தம்ஸ்டோவில், தேவாலய மண்டபத்தில், சனிக்கிழமைகளில். சைப்பிரஸ்காரி ஒருத்தி கிரேக்க முறைப்படி புனிதர் படம் வரையவும் பொன் தகடு ஒட்டவும் கற்பித்தாள். நான் செய்தி எழுத வந்து, உமக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டேன். தலையைச் சுற்றிய வட்டத்தில் செங்களிமண் பூசி, அதன்மேல் வாயைத் திறந்து வெது மூச்சை விடவேண்டும். அந்த ஈரத்தில்தான் தகடு பிடிக்கும். நான் ஊதிவிட்டேன். தகடு பறந்துபோய் உமது மீசையில் ஒட்டியது.

"பேப்பர்காரனெண்டா ஊதிப் பெருப்பிக்கத்தான் தெரியும், என்ன ஐசே?" என்றீர். அந்த மண்டபத்தில் நீர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நீர் எடுத்துக்கொண்டது மகனின் பெயருக்குரிய புனிதரை: தாடியில்லாத இளைஞர், தமிழில் முடியப்பர். பொன் முதலில், உடை பிறகு, முகம் கடைசி. கரும்பச்சை அடிநிறத்தின்மேல் முட்டை மஞ்சட்கருவில் குழைத்த வெளிச்சத்தை மெல்ல மெல்ல ஏற்றினீர். முகம் தெளிந்தபோது சைப்பிரஸ்காரி பின்னால் வந்து நின்று, அது யார் என்று கேட்டாள். மகன் என்றீர். புனிதருக்கு நமக்குத் தெரிந்தவரின் முகத்தை வைக்கக்கூடாது, அந்தப் புனிதரிடமே வேண்டிக் கேட்டுத்தான் முகத்தை வாங்கவேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னாள். அழிக்கச் சொல்லவில்லை. உம்மிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நீர் என்னைப் பார்த்தீர். "ஐசே, நீர் சொல்லும். விடட்டோ?"

"விதியெண்டா விதிதான். சுரண்டும்" என்றேன்.

முப்பது வருடமாக மற்றவர்களுடைய எழுத்தில் பிழையான வரியை வெட்டியவன் நான். அதே குரலில்தான் சொன்னேன். நீர் மறுபேச்சில்லாமல் பிளேடை எடுத்தீர்.

அடுத்த மாதம் மறுபடி வரைந்தீர். மறுபடியும் அவன் முகமே வந்துவிட்டது என்று நினைத்தேன். யாரும் வாய் திறக்குமுன் நீரே சுரண்டத் தொடங்கினீர். "என்ன ஐசே?" என்றேன்.

"இது அவனில்லை. கண் வருகுது, வாய் வரேல்லை. முதல் தரம் வந்தது. இப்ப ஏலாமக் கிடக்கு. எனக்கு அவன்ரை முகம் மறந்துபோகுது ஐசே."

நான் தூரிகைகளைக் கழுவினேன். அதன்பிறகு நீர் அந்தப் பலகையைத் தொடவில்லை. பொன் வட்டத்துக்குள் வெறும் கரும்பச்சை. அது இப்போது என் மேசையில் இருக்கிறது.

கடிதம் வந்த நாளிலிருந்து அந்த முதல் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். இரண்டு மணிநேரம் உமக்கருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்தது அவனையல்ல. மூக்கின் கோடு மாதிரிப் படத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை என்பது மட்டும் நிச்சயமாக ஞாபகமிருக்கிறது. எப்படி இருந்தது என்பது இல்லை.

நிறுவனத்துக்குப் பதில் எழுதிவிட்டேன்: தகப்பன் உயிரோடில்லை, படம் இல்லை, முடிந்தால் அந்த ஆளின் படத்தை எனக்கு அனுப்புங்கள். நேற்று தொலைபேசியில், என் கடிதம் கிடைத்தது என்றார்கள். அனுப்ப அனுமதி கிடைக்குமா என்பது இன்னும் தெரியாதாம். டிசம்பர் முதல் வாரத்தில் சொல்வார்களாம். வந்தால் அதைப் பார்த்து ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டியவன் நான்.