ஸ்டூல் ஆடிய நான்கு மாதங்கள்

ஞாயிறு, மதியம்

என் அருமைக் கப்பல் இன்ஜினியர் அவர்களுக்கு,

நான் நலம். நம் குட்டி நலம். கார் பரம நலம். கார் எப்படி நலமானது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும். உட்கார்ந்து படியுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் கோபத்தின் அளவு புரியும். நீங்கள் கப்பல் ஏறி நான்கு மாதம். மலைமேல் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை கிடைத்து இரண்டரை மாதம். காலை ஏழு மணிக்கு வார்டிலிருந்து ரத்த மாதிரிகள் வந்துவிடும். குட்டியை ஆறு இருபதுக்கு ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றாமல் நான் கிளம்ப முடியாது. அந்த நேரத்துக்கு மலைக்கு வேறு வண்டியும் இல்லை. நம் பழைய டீசல் காரை நம்பித்தான் வேலைக்கு ஒப்புக்கொண்டேன்.

ஊருக்குள் சமர்த்தாக ஓடுகிற கார், மலையடிவாரம் வந்ததும் சண்டித்தனம் செய்யும். எவ்வளவு மிதித்தாலும் ஒரே முனகல். இரண்டாவது கியருக்கு மேல் ஏறாது. ஒருநாள் பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். போகும்போது "ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்று வேறு கேட்டார். மானம் போயிற்று.

ஆறு முறை தாமதம். வெள்ளிக்கிழமை லேப் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா இன்னொரு தடவ லேட்டானா நான் வேற ஆளப் போட்டாகணும்" என்றார். எனக்கு இந்த வேலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், குட்டிக்குக் கேட்கக்கூடாதென்று.

இனி உங்கள் வைத்தியத்துக்கு வருகிறேன். முதல் கடிதத்தில் ஏர் ஃபில்டரைப் பார் என்று எழுதினீர்கள். பார்த்தோம். அதற்குள் ஒரு சருகுக் குப்பையே இருந்தது. மாற்றினோம், முனகல் மாறவில்லை. இரண்டாம் கடிதத்தில் டீசல் ஃபில்டர். அதையும் மாற்றியாயிற்று. மூன்றாம் கடிதத்தில் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா பார், இல்லையென்றால் இன்ஜினுக்கு வயதாகிவிட்டது, நான் வந்ததும் விற்றுவிடலாம் என்று முடித்தீர்கள். குழாய்களில் ஒரு கீறல்கூட இல்லை.

மெக்கானிக் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர், ஆனால் உடம்பு இரண்டு ஆளுக்குச் சமம். நம் டிரைவர் சீட்டோ என் உயரத்துக்கு முன்னால் இழுத்த இடத்திலேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. அதில் அவரால் நுழைய முடியாது. ஒருமுறை முயன்றார். வெளியே எடுக்க மூன்று பேர் வந்தார்கள். அதிலிருந்து நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பார். வொர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து ஆக்ஸிலரேட்டர் ஒயர் இழுக்கிற டீசல் பம்ப் லிவரைக் கையாலேயே இழுத்துப் பார்ப்பார். இன்ஜின் சிங்கம் போல உறுமும். சாலைக்கு வந்தால் பூனை. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டிய பாத்ததில்லம்மா" என்று தலையைச் சொறிவார்.

வெள்ளிக்கிழமை மேடம் சொன்னதை நேற்று அவரிடம் சொன்னேன். மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "புகை வருதாம்மா?" என்றார். இல்லை என்றேன். "காத்து பத்தலன்னா கரும்புகை தள்ளும். புகையே இல்லன்னா டீசல் கம்மியாப் போகுது. உள்ள உக்காந்து முழுசா மிதிங்க" என்று சொல்லிவிட்டு அவர் லிவரைப் பார்த்தார். மிதித்தேன். "முழுசா மிதிங்கம்மா!" முழுசாகத்தான் மிதிக்கிறேன் என்றேன். "லிவர் பாதியிலயே நிக்குதே!" ஒயர் தளர்ந்திருக்கும், திங்கள் மதியம் புது ஒயர் வரும் என்றார். திங்கள் மதியம் வந்து எனக்கு என்ன பயன்? எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே டார்ச்சை வாங்கிக்கொண்டு தலைகீழாகக் குனிந்து ஆக்ஸிலரேட்டர் மிதிக்கு அடியில் பார்த்தேன். ரப்பர் விரிப்பு ஓரிடத்தில் புடைத்திருந்தது. தூக்கினேன்.

பச்சைக் கட்டை.

நம் சமையலறை ஸ்டூலின் குட்டைக் காலுக்கு நீங்களே பெயிண்ட் அடித்து ஒட்டின அதே கட்டை. தரையில் இரண்டு ஸ்க்ரூ போட்டு, இன்ஜினியர் வேலை, அசையக்கூட இல்லை. மிதி பாதி இறங்கியதும் இதில்தான் முட்டி நின்றிருக்கிறது. நான்கு மாதமாக ஸ்டூல் ஆடுகிறது. கட்டையைத் தொலைத்தது நீதான் என்று குட்டியைத் திட்டாத நாளில்லை. அவள் ஒருநாள் தாங்க முடியாமல், "சரி, நான்தான்" என்று செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள். நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் பங்குக்கு நீங்களும் கேட்க வேண்டும் என்கிறாள்.

மெக்கானிக் அண்ணன் கட்டையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரோ நல்லாத் தெரிஞ்சவங்க வேலைம்மா" என்றார். ஆமாம், கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும் என்றேன்.

உங்கள் மூன்றாம் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதி, மை கசிய அடித்திருந்தீர்களே! ஏதோ ஆசையாக எழுதி வெட்கப்பட்டு அடித்துவிட்டீர்கள் என்று நினைத்து, நான்கு நாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். வெளிச்சத்தில் பிடித்தெல்லாம் பார்த்தேன். அது இந்தக் கட்டையைப் பற்றிய வரி என்று இப்போது தெரிகிறது. என் நான்கு நாள் சந்தோஷத்தைத் திருப்பித் தாருங்கள்.

நாளைக் காலைதான் பரீட்சை. மீதியை வந்து எழுதுகிறேன்.

திங்கள், பிற்பகல்

ஆறு நாற்பத்தெட்டு! லேப் கதவை நான்தான் திறந்தேன். மலை முழுக்க மூன்றாவது கியர். பால்காரர் ஓரமாக ஒதுங்கி நின்று கும்பிட்டார். மேடம் வந்து என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்கு என் பெயர் எழுதின புது வெள்ளைக் கோட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அதனால் நேற்றைய கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. கட்டையை நீங்கள் ஏன் வைத்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஓட்டப் பழகிய மூன்றாம் நாள் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கேட் தூணை இடித்தேனே, அன்று நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் சாப்பிடும்போதுகூட எழுந்துபோய் அந்தத் தூணைத் தொட்டுவிட்டு வந்தீர்கள். நான் பார்த்தேன். அந்தப் பயத்தோடுதான் நீங்கள் இந்த ஸ்க்ரூவை முடுக்கியிருப்பீர்கள். அதை நினைத்ததும் காரிலேயே உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பயம் உங்களுக்கு மட்டும்தானா? வானொலியில் புயல் என்று சொன்னால் நான் குட்டிக்குத் தெரியாமல் சத்தத்தைக் குறைத்துவிட்டு, காதை ஒட்டவைத்துக் கேட்கிறேன். அவ்வளவு பெரிய கப்பல், அதன் அடிவயிற்றில் நீங்கள். நான் எந்தக் கட்டையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? சொல்லியிருந்தால் நானே மெதுவாகத்தானே ஓட்டியிருப்பேன். இனி எதையும் எழுதிவிட்டு அடிக்காதீர்கள். பயமென்றால் பயம் என்றே எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

கட்டையை ஸ்டூலுக்கே ஒட்டிவிட்டேன். இப்போது அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், ஆடவில்லை.

கார் விற்பனைக்கு இல்லை. நீங்கள் இறங்கும் அன்று துறைமுகத்துக்கு நானே அதை ஓட்டி வருவேன். பக்கத்து சீட்டில் நீங்கள் உட்கார வேண்டும். கதவுப் பிடியைப் பிடித்துக்கொள்ளலாம், கண்ணை மட்டும் மூடக்கூடாது. உங்களை நான் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். அதுவரை அந்தக் கடல் உங்களைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

முழுசாக மிதிக்கத் தெரிந்த,
உங்கள் மனைவி