சுண்ணாம்புக்குள்ள இருக்கிற குன்று

எனக்கு வெளிச்சத்தை மடியில கட்டிக்கிட்டு வந்த மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? போனவங்களை இப்படிக் கேக்கலாமான்னு தெரியலை. நீங்க கரித்துண்டால எழுதிக் காட்டின எழுத்துதான் எனக்குத் தெரிஞ்ச எழுத்து. கூட்டிக் கூட்டி எழுதறேன். கோணலா இருந்தா சிரிக்காதீங்க.

சேதி சொல்றேன். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துல இன்னொரு ஷாப்ட் குழி தோண்டறாங்க. நம்ம கூலி லைன் வீடுங்களுக்குப் பின்னால நீங்க பாத்துப் பாத்து வரைவீங்களே, அந்தப் பாறைக்குன்று, அதுல ஒரு பக்கத்தை வெடி வச்சு உடைச்சுட்டாங்க. கட்டடத்துக்குக் கல்லு வேணுமாம். காலை வெயில் முதல்ல விழற பக்கம் அது. இப்போ வெயிலுக்கு எங்க எறங்கறதுன்னு தெரியலை போல. நம்ம கூரை மேல வந்து உக்காருது.

ஷிப்ட் முடிஞ்சு கேஜ் கூண்டுல மேல வந்தா நீங்க நேரா வீட்டுக்கு வந்ததே இல்ல. குன்றடியில உக்காந்துட்டு, காவி மண்ணும் அவரை இலையுமா வருவீங்க. கஞ்சி ஆறிப்போச்சேன்னு நான் கத்துவேன். "கீழ லெவல்ல பூரா இருட்டு. கொஞ்சம் வெளிச்சத்தை எடுத்துக்கிட்டு வரேன், விடு" அப்படிம்பீங்க.

தட்டிக்கு மண்ணு பூசின அந்த ஒரு சுவர்தான் உங்களுக்கு. வருசா வருசம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பீங்க. காஞ்சதும் அதே குன்றை மறுபடி வரைவீங்க. கரியில கோடு, காவியில பாறை, சலவை நீலத்துல வானம், இலையைத் தேச்சுப் பச்சை. ஓரத்துல ஒரு குடிசை, கதவைத் தெறந்து வச்சு.

"ஆளே காணோமே. நான் எங்க?"

"நீ உள்ள சோறாக்கற. பொகை வருது பாரு."

நல்லா இருந்த குன்றை நீங்களே வெள்ளையடிக்கிறப்ப எனக்கு வயிறு எரியும். "அது போன வருசத்து வெயிலு, போவட்டும்" அப்படின்னுட்டு மட்டையைச் சுண்ணாம்புல தோய்ப்பீங்க. உங்களுக்கு மட்டும் எப்படி மனசு வந்துது மாமா?

ஐப்பசியில காய்ச்சல்ல போயிட்டீங்க. அடுத்த பொங்கலுக்குத் துக்க வீடு, சுண்ணாம்பு கூடாதுன்னுட்டாங்க. எனக்கு நல்லதாப் போச்சு. நீங்க கடைசியா வரைஞ்ச குன்று அப்படியே நின்னுது. பச்சை மட்டும் பழுத்த இலையாட்டம் ஆயிடுச்சு. அதைப் பாத்துக்கிட்டே குடிப்பேன், பாத்துக்கிட்டே படுப்பேன். சில நாள் நான் அந்தக் குடிசைக்குள்ள இருந்து இந்த வீட்டைப் பாக்கற மாதிரி இருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு அடுத்த வீட்டு முனியம்மாக்கா சுண்ணாம்புச் சட்டியோட வந்து நின்னுது.

"இன்னாடி, இன்னும் எழவு வூடாவே வச்சிக்கினு இருக்க? சுவரு பூரா பொகை. லச்சுமி வருவாளா?"

"வராட்டி போவட்டும்."

"அவ போவட்டும், நான் வரணுமா வேணாமா? தேளு கீதான்னு பாத்துப் பாத்து கால வைக்க வேண்டிக்கீது!"

சிரிச்சுட்டேன். ஆனா அது போனதும் சட்டியை மூடி வச்சேன். அடிச்சா உங்க குன்று போயிடும். வெளியிலயும் உடைக்கிறாங்க, அப்புறம் எங்க போய்ப் பாப்பேன்? அடிக்காம விட்டா, நீங்க வருசம் தவறாம செஞ்சது நம்ம வீட்டுல நின்னு போயிடும். எதைக் காப்பாத்தறது?

போகி முடிஞ்சதும் மட்டையை எடுத்தேன். ஈரமா இருக்கற வரைக்கும் குன்று தெரிஞ்சுது. காயக் காய உள்ள போச்சு. முதல்ல வானம். அப்புறம் பாறை. கடைசியா அந்தக் கதவு. பொங்கல் வச்சேன், வாயில வைக்கலை.

அப்புறம் மாங்கா மழை வந்துது. கூரை ஒழுகி அந்தச் சுவர் நனைஞ்சுது. சாக்கு எடுத்துக்கிட்டு ஓடினவ அப்படியே நின்னுட்டேன் மாமா. ஈரம் பட்ட எடத்துல உங்க குன்று வந்துது. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. அதுக்கும் பின்னால, மங்கலா, இன்னும் ஒண்ணு. நீங்க வெள்ளையடிச்ச வருசமெல்லாம் வரிசையா நிக்குது. வெளிய உடைச்ச பக்கம் கூட முழுசா இருக்கு. நீங்க இருந்தவரைக்கும் மேல புதுசா வரைஞ்சுடுவீங்க, அதனால எனக்குத் தெரியவே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?

முனியம்மாக்காவைக் கூட்டி வந்து காட்டினேன். அக்கா ஒவ்வொரு குடிசையா விரல் வச்சு எண்ணுச்சு. அப்புறம், "இன்னாடி இது, அம்மாம் வூடு கட்டிக் குடுத்துட்டா போயிருக்காரு உன் மாமா?"ன்னுது. குன்றுக்கு ஒரு குடிசை. எல்லாத்துக்கும் கதவு தெறந்து கெடக்கு.

கூரையை அக்கா வீட்டுக்காரர் வேஞ்சு குடுத்துட்டாரு. இல்லாட்டி சுவரே கரைஞ்சிருக்கும். பரவாயில்ல, ஈரத்துணியால ஒத்தினாலும் நீங்க வர்றீங்க. பச்சை மட்டும் வரலை. இலைச்சாறு எத்தனை நாள் தாங்கும்?

அதை நான் பாத்துக்கறேன். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பேன், மெல்லிசா. காஞ்சதும் அவரை இலையைத் தேச்சுக் குன்றடியில பச்சை வைப்பேன். வெள்ளைச் சுவத்துல எந்த எடம்னு எனக்குத் தெரியும். ஒத்தி ஒத்திக் கையே படிச்சு வச்சிருக்கு. நீங்க ஷிப்ட் முடிஞ்சு வர்ற மாதிரி மெதுவா வாங்க, கஞ்சி ஆறினாலும் இனிமே கத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உள்ள சோறாக்கிக்கிட்டிருக்கிற
உங்க பொண்டாட்டி